மதகடியில் விழுந்த சாவி

முதல் அள்ளலை அவர் அள்ளவே மாட்டார். பொக்லைனின் கையை மெதுவாக நீட்டி, பக்கெட்டின் பற்களை மண்மேல் வைத்து, தூங்குகிற குழந்தைக்கு முதுகு சொறிந்துவிடுவதுபோல ஒரே ஒரு கீறல். நகக்கண் ஆழம்தான் இருக்கும். பிறகு எஞ்சினை உறுமவிட்டபடியே இறங்குவார். கீறலின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புரண்ட மண்ணை இரண்டு விரலால் எடுத்துத் தேய்ப்பார். உள்ளங்கையைக் கீறலுக்குள் வைத்து, தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்ப்பார். கீழே குழாய் போகிறதா, மின்கம்பி போகிறதா, இல்லை அவருக்கு மட்டும் தெரிந்த வேறு ஏதாவது இருக்கிறதா என்று. எழுந்து, பேண்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, மறுபடி ஏறி உட்கார்ந்த பிறகுதான் வேலை.

பக்கத்தில் நிற்கிறவர்களுக்குப் பொறுமை போய்விடும். "ஊசி போடறதுக்கு முன்னாடி பஞ்சு வெச்சுத் துடைக்கிற மாதிரியே பண்றாருய்யா" என்று ஒரு லாரி டிரைவர் சொல்லப்போக, அன்றிலிருந்து அவர் கம்பவுண்டர். சொந்தப் பெயர் சம்பளம் வாங்குகிற இடத்தில் மட்டும். நிஜமான ஊசியைப் பார்த்தால் அவருக்கே கண்ணைக் கட்டும் என்பது அந்த லாரி டிரைவருக்குத் தெரியாது. மகளுக்குத் தடுப்பூசி போட்ட அன்று மயங்கி விழுந்தது மகள் அல்ல.

பயந்த சுபாவம். அதை அவர் மறைத்ததும் இல்லை. இடிக்குப் பயம், நாய்க்குப் பயம், கைபேசியில் தெரியாத எண் வந்தால் பயம். சாலையில் போலீஸ்காரர் நின்றால், எல்லாம் சரியாக இருந்தாலும், ஏதோ செய்துவிட்டு வருகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அந்த முகத்துக்காகவே நிறுத்துவார்கள். பள்ளிச் சீருடை தைக்கிற அவர் மனைவி மிஷினை மிதித்தபடியே சொல்வாள்: "இவரைக் கட்டிக்கிட்டதுல ஒரு வசதி இருக்கு. எதுக்கெல்லாம் பயப்படணும்னு நான் தனியா உக்காந்து யோசிக்க வேண்டாம்."

அந்தக் கீறலுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அதை அவர் மனைவியிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னார். இளவயதில், வேறொரு நகரத்தில், சாக்கடைக் குழாய் பதிக்க ஆழமாகப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மண் ஈரமாக இருந்தது. பள்ளத்தின் ஒரு பக்கச் சுவர், சத்தமே போடாமல், களைத்துப்போன ஆள் படுக்கையில் சாய்வதுபோலச் சாய்ந்தது. உள்ளே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மண்ணுக்கு வெளியே கடிகாரம் கட்டிய ஒரு கை மட்டும் தெரிந்தது. பக்கெட்டால் அள்ளினால் ஆளையே வெட்டிவிடும் என்று எல்லோரும் வெறும் கையால் தோண்டினார்கள். இவரும் இறங்கித் தோண்டினார். எடுத்தபோது கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, ஆள் இல்லை. தப்பு உன்னுடையது இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அது எந்த விதத்திலும் அவருக்கு உதவவில்லை.

அவர் குடியிருக்கும் ஊருக்கு மேற்கே ஓர் ஏரி. கரையில் ஒரு மதகு. ஏரி நிரம்பினால் தண்ணீர் மதகு வழியாக ஓர் ஓடையில் இறங்கி, தாழ்வான ஒரு புல்வெளியில் பரவி, மறுபடி ஒன்றுகூடி ஆற்றுக்குப் போய்விடும். அந்தப் புல்வெளியைத் 'தாழ்வு' என்பார்கள். வெயில் காலத்தில் மாடு மேயும், மழைக்காலத்தில் கொக்கு மேயும். தாழ்வை ஒட்டி வீடுகள். கம்பவுண்டரின் வீடு ஊருக்குக் கடைசித் தெருவில், அதாவது தண்ணீருக்கு முதல் தெருவில்.

இந்தத் தாழ்வை ஒரு கம்பெனி வாங்கியது. முதலில் போர்டு வந்தது. போர்டில் நீலத் தண்ணீர், வெள்ளை வீடுகள், நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஒரு குடும்பம். 'தண்ணீரைப் பார்த்தபடி வாழுங்கள்' என்று எழுதியிருந்தது. கம்பவுண்டரின் அக்கா பால் சேகரிப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவள், யாருக்கும் எதற்கும் அஞ்சாதவள். தாயின் வயிற்றில் இருந்த தைரியத்தை எல்லாம் அவளே முதலில் வந்து வாரிக்கொண்டு போய்விட்டாள் என்பார்கள். போர்டுக்குக் கீழே நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "இவங்க தண்ணியைப் பாக்கலாம் சரி. தண்ணி இவங்களைப் பாக்கக் கிளம்பி வந்தா என்ன பண்ணுவாங்களாம்?"

சிரித்துவிட்டுப் போகிற ஆள் இல்லை அவள். நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனாள். ஓடையை மூடினால் ஏரித் தண்ணீர் தெருவுக்குள் வரும் என்பது ஊரின் வாதம். அங்கே ஓடை என்று ஒன்று கிடையவே கிடையாது, அது வெறும் பள்ளம் என்பது கம்பெனியின் வாதம். சரி, ஓர் அதிகாரி நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், ஓடை இருந்தால் தடை, இல்லாவிட்டால் இல்லை என்றது நீதிமன்றம்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் காலையில் வண்டியின் ஓனர் கம்பவுண்டரைக் கூப்பிட்டார். "உங்க ஊர்ப் பக்கம்தான்யா. ஒருநாள் வேலை. கொஞ்சம் சமன் பண்ணணும், அவ்வளவுதான்." அதிகாரி எப்போது வருகிறார் என்று கம்பவுண்டருக்குத் தெரியாது. அக்கா பேசும் வழக்கு விவகாரம் எதையும் அவர் காது கொடுத்துக் கேட்பதில்லை. கேட்டால் பயம் வரும். வீட்டுக்குப் போய் மத்தியானம் சாப்பிடலாம் என்ற சந்தோஷத்தோடு வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மதகுக்குக் கீழே, ஓடையின் வாயோரமாக இறக்கச் சொன்னபோதுதான் எந்த இடம் என்பது அவருக்கு உறைத்தது.

அங்கே நின்ற சூப்பர்வைசர் சின்ன வயசுக்காரன். இஸ்திரி கலையாத சட்டை. அலுவலகத்திலிருந்து புதிதாக அனுப்பப்பட்டவன். கத்தாதவன், திட்டாதவன். 'அண்ணே' போடாமல் ஒரு வாக்கியம் பேசமாட்டான்.

"அண்ணே, பெரிய வேலை இல்லண்ணே. இந்த வாயை மட்டும் அடைச்சு, மேல மண்ணைப் போட்டுப் புல்லைப் பரப்பிடுங்க. மீதியைப் பின்னால பாத்துக்கலாம்."

கம்பவுண்டர் ஏறினார். கீறினார். இறங்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கீறலுக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து, வேர்வை போல. உள்ளங்கையை வைத்தார். குளிர்ந்தது. பல வருடங்களுக்கு முன்னால் நகத்துக்குள் ஏறி, எத்தனை சோப்பு போட்டும் போகாத அதே மண்.

"சார், இது ரொம்ப ஈரமா இருக்கு சார்."

"அதனாலதானேண்ணே மூடுறோம்."

கம்பவுண்டர் பேண்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டார். ஏறி உட்கார்ந்து கரைமேட்டிலிருந்து மண்ணை அள்ளி ஓடைக்குள் போட ஆரம்பித்தார். தண்ணீர் கலங்கிச் சிவந்தது. மண்ணைச் சுற்றிக்கொண்டு ஓடப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் போட்டார். அப்போதுதான் கரைமேல் பெண்களின் குரல் கேட்டது.

அக்கா முன்னால் வந்தாள். பின்னால் பத்துப் பதினைந்து பேர், பால் கேனோடு சிலர், வெறுங்கையோடு சிலர். வண்டியை ஓட்டுவது யார் என்று பார்த்ததும் அவள் ஒரு கணம் நின்றாள். அந்த ஒரு கணத்தைக் கம்பவுண்டர் செத்தாலும் மறக்க மாட்டார்.

"அட, நீயாடா? உலகத்துல வேற ஊரே கிடைக்கலையா உனக்கு? நாளைக்கு அதிகாரி வர்றாருன்னு இன்னைக்கே மூட வந்துட்டியா?"

அவர் வாயைத் திறந்தார். எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்டிருக்காது.

அக்கா செருப்பைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு ஓடைக்குள் இறங்கினாள். முழங்கால் தண்ணீர். நேராக அவர் போட்ட மண்ணுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"போடுடா. என் தலை மேலயே போடு. மேல வீட்டைக் கட்டி, பால்காரி வில்லான்னு பேர் வெச்சுக்கட்டும்."

பெண்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசரும் லேசாகச் சிரித்தான். வண்டியின் படியில் ஒரு காலை வைத்து ஏறி, கம்பவுண்டரின் காதருகே சொன்னான்: "மெதுவா முன்னால எடுங்கண்ணே. வண்டி நகர்ந்தா தானா விலகிடுவாங்க. எல்லா எடத்துலயும் இப்படித்தான்."

முன்னால் எடுப்பதா? கம்பவுண்டர் குனிந்து கீழே பார்த்தார். வண்டி நிற்கிற கரையின் விளிம்பில், இடது பக்கச் சங்கிலிச் சக்கரத்துக்குச் சற்று முன்னால், புல்லுக்கு நடுவில் ஒரு விரிசல். நூல் மாதிரி. காலையில் அது இல்லை. எஞ்சின் அதிர அதிர அந்த நூல் தடித்துக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே அக்கா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இன்னும் ஏதோ கிண்டலாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கரை சத்தம் போட்டுக்கொண்டு சரியாது என்பது அவருக்குத் தெரியும்.

உடம்பில் இருந்த எல்லாப் பயமும் ஒரே இடத்துக்கு ஓடிவந்தது. சூப்பர்வைசர் பயம், ஓனர் பயம், வேலை போய்விடும் என்கிற பயம் எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றன. லீவரைத் தொட்ட கை அவருடைய கை மாதிரியே இல்லை. பின்னால், பின்னால், முட்டைமேல் நடப்பதுபோல வண்டியைப் பின்னால் எடுத்தார். விரிசல் அப்படியே இருந்தது. கெட்டியான தரைக்கு வந்ததும் எஞ்சினை அணைத்தார்.

இறங்கினார். சூப்பர்வைசர் கையை நீட்டினான். "உங்களுக்கு உடம்பு சரியில்லை போலண்ணே. பரவாயில்லை. சாவியைக் குடுங்க. வேற ஆள் வந்து முடிச்சிடுவாரு."

சாவி கம்பவுண்டர் கையில்தான் இருந்தது. கொடுத்திருப்பார். கொடுக்கத்தான் கையைத் தூக்கினார், அதில் அவருக்கே சந்தேகம் இல்லை. தூக்கிய கை ஏன் நீட்டிய கைக்குப் போகாமல் இன்னும் மேலே போனது என்பதுதான் இன்றுவரை அவருக்கு விளங்கவில்லை. மதகுக்குக் கீழே காலாகாலமாகத் தண்ணீர் விழுந்து விழுந்து ஆழமாகிப்போன ஒரு குட்டை இருக்கிறது. சாவி வெயிலில் ஒருமுறை மின்னிவிட்டு அதற்குள் போய் விழுந்தது.

கரை முழுக்கக் கூச்சல். ஒருத்தி பால் கேனைத் தட்டினாள். அக்கா ஓடையிலிருந்து ஏறி வந்து, ஈரக் கையோடு அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். "என் தம்பிடீ! பாத்துக்கோங்கடீ! ஊருல இருக்கிற ஆம்பளைங்க எல்லாம் பாத்துக்கோங்க!"

கம்பவுண்டரின் முகத்தில் ரத்தமே இல்லை. பெருமையாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவருக்கோ, சாவி விரலை விட்டுப் போன அதே கணத்தில் ஒன்று நினைவுக்கு வந்திருந்தது. இந்த மாதிரி வண்டி எல்லாவற்றுக்கும் ஒரே சாவிதான். வீட்டுச் சாவி மாதிரி ஆளுக்கொன்று கிடையாது. ஒருத்தன் சாவியைப் போட்டு இன்னொருத்தன் வண்டியைக் கிளப்பலாம். போன மாதம்கூட, சாவியைத் தொலைத்துவிட்டு நின்ற ஓர் ஆளுக்கு இவர்தான் தன்னுடையதைக் கொடுத்து உதவினார். வண்டி ஓட்டுகிற அத்தனை பேர் சட்டைப் பையிலும் அது இருக்கும். ஊரையே காப்பாற்றிவிட்டதாக எல்லோரும் குதிக்கிறார்கள். அவர் எறிந்ததோ உதிரிபாகக் கடையில் பொட்டலம் பொட்டலமாகத் தொங்குகிற ஒரு தகரத் துண்டை.

அதை அக்காவிடம் சொல்ல வேண்டும். ஆனால் சூப்பர்வைசர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறான். அவன் ஆபீஸ் ஆள். அவனுக்கு இந்த விஷயம் தெரியாது என்பது அவன் குட்டையையே பார்த்துக்கொண்டிருந்த விதத்தில் தெரிந்தது. வாயைத் திறந்தால் தெரிந்துவிடும்.

"வாங்கடீ, போலாம். மாடு மடி கனத்துக் கத்திக்கிட்டு நிக்கும்" என்றாள் அக்கா. போகாதீர்கள், இங்கேயே உட்காருங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது கம்பவுண்டருக்கு. அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே போய்விட்டார்கள்.

சூப்பர்வைசர் அவர் பக்கம் திரும்பினான். கோபமே இல்லை அவன் முகத்தில். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணே, பாப்பா காலேஜ்தானே படிக்குது? சாயங்கால பஸ்லதானே வரும்?"

"ஆமா சார்."

"அந்த ஸ்டாப்புல ஒரு கடை கண்ணி கூடக் கிடையாது. தனியாத்தான் இறங்குது. பாத்துக்கோங்கண்ணே."

அவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டுக் கைபேசியை எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போனான்.

கம்பவுண்டர் வீட்டுக்கு ஓடவில்லை. ஓடினால் பயந்துவிட்டார் என்று தெரிந்துவிடும் என்று பயந்து வேகமாக நடந்தார். மனைவி ஒரு சட்டைக் காலரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். செய்தி அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"என்னமோ பெரிய வீரம் பண்ணிட்டீங்களாமே. தெருவே பேசுது."

"அந்தச் சாவி ஒண்ணுமே இல்லை" என்றார் அவர். "எல்லா வண்டிக்கும் அதே சாவிதான்."

மிஷின் நின்றது.

"என்னது?"

"யார் வந்தாலும் கிளப்பிடுவாங்க. இன்னைக்கே. நாளைக்கு அதிகாரி வரும்போது ஓடை இருக்காது."

"இதை யார்கிட்ட எல்லாம் சொன்னீங்க?"

"உன்கிட்ட."

"அதோட நிறுத்துங்க. சரி, தூக்கி எறியும்போது இது ஞாபகம் வரலையா மனுஷா?"

"எறிஞ்ச பிறகுதான் வந்தது."

அவள் அவரையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தார். அவள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அவர் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டாள். "வேற என்ன?" என்றாள். மகளைப் பற்றி அவன் சொன்னதைச் சொன்னார். அதற்குப் பிறகு அவளும் சிரிக்கவில்லை.

அக்கா கைபேசியை எடுக்கவில்லை. பால் அளக்கிற நேரத்தில் அவள் எடுப்பதில்லை. பால் நிலையம் ஊரின் அந்தக் கோடி, பஸ் நிற்கும் இடம் இந்தக் கோடி. "நான் போய் உங்க அக்காவைக் கூட்டிட்டு வரேன். நீங்க பஸ்ஸுக்குப் போங்க" என்று மடியிலிருந்த நூலைத் தட்டிவிட்டு எழுந்தாள் மனைவி.

பஸ் நிற்கும் இடத்தில் ஒரு தகரக் கூரை, ஓர் உடைந்த பெஞ்சு. அங்கிருந்து பார்த்தால் தாழ்வின் அந்தப் பக்கம் வண்டி மஞ்சளாகத் தெரியும். பெஞ்சில் ஏற்கெனவே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். முன்பின் பார்த்திராத முகம். கறுப்புக் கண்ணாடி. பக்கத்தில் பைக். கைபேசியைப் பார்ப்பான், சாலையைப் பார்ப்பான், மறுபடி கைபேசியைப் பார்ப்பான். கம்பவுண்டர் நின்ற இடத்திலிருந்து அவன் கழுத்தின் பின்பக்கம் தெரிந்தது. அடித்தால் எங்கே அடிப்பது என்று யோசித்தார். வாழ்க்கையில் யாரையும் அடித்ததில்லை.

சாலையில் இன்னொரு பைக் வந்து அவர் பக்கத்தில் நின்றது. அதில் இருந்தவரைத் தெரியும். கல்குவாரியில் பொக்லைன் ஓட்டுகிறவர், குவாரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். முரட்டு ஆள். கம்பவுண்டரைக் கண்டால் ஏதாவது சொல்லிச் சீண்டாமல் போகமாட்டார்.

"என்னய்யா கம்பவுண்டர், ஊசியைத் தண்ணியில போட்டுட்டியாமே?"

கம்பவுண்டருக்குப் புரிந்துவிட்டது. "உன்னையா கூப்பிட்டாங்க?"

"வேற யாரைக் கூப்பிடுவாங்க? ஓனர் போன் மேல போன். ஒரு மணி நேர வேலையாமே. வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டுட்டு நேரா வரேன்."

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கெஞ்ச வேண்டும். கம்பவுண்டர் பைக்கின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு முடிந்தது அவ்வளவுதான். பிடித்த கை நடுங்கியதில் பைக்கின் கண்ணாடியும் சேர்ந்து நடுங்கியது.

குவாரி அந்தக் கையைப் பார்த்தார். "கையை எடுய்யா. எனக்கும் பொண்டாட்டி புள்ளை இருக்கு."

கை தானாக விலகியது. பைக் போய்விட்டது.

பஸ் அன்றைக்குத் தாமதமாகத்தான் வந்தது. கறுப்புக் கண்ணாடிக்காரன் சட்டென்று எழுந்து முன்னால் போனான். கம்பவுண்டரும் பாய்ந்து முன்னால் போனார். முதலில் இறங்கியது இரண்டு பெரிய பைகளோடு ஒரு பருமனான அம்மாள். "எவ்வளவு நேரமா வெய்ட் பண்றேன் அத்தை" என்று அவன் பைகளை வாங்கிக்கொண்டான். மாமியார் போலிருக்கிறது. பின்னால் இறங்கிய மகள் அப்பாவைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"நீங்க எதுக்குப்பா வந்தீங்க? நான் என்ன எல்.கே.ஜி. படிக்கிறேனா?"

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தாழ்வின் ஓரமாகப் போகும் பாதையில் நடந்தார்கள்.

"கையை விடுங்கப்பா, வலிக்குது."

விடவில்லை. பாதை வண்டிக்கு அருகில் போகிற இடத்தில் அவர் நின்றுவிட்டார். மதகடியில் குவாரியின் பைக் நின்றிருந்தது. குவாரி வண்டிக்குள் ஏறிவிட்டார். சூப்பர்வைசர் கீழே, கையைக் கட்டிக்கொண்டு. அக்காவையும் மற்றவர்களையும் இன்னும் காணவில்லை. கம்பவுண்டர் கண்களை மூடிக்கொண்டார். எஞ்சின் உறுமுகிற சத்தத்துக்குக் காத்திருந்தார். அந்தச் சத்தம் எப்படி ஆரம்பிக்கும், எந்த இடத்தில் ஒருமுறை விக்கும் என்பது வரை அவருக்கு மனப்பாடம்.

சத்தம் வரவில்லை.

கண்ணைத் திறந்தார். குவாரி குனிந்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். தோள் ஏறி இறங்கியது. கெட்ட வார்த்தை ஒன்று காற்றில் வந்தது. லீவர் பெட்டியைக் கையால் குத்தினார். மறுபடி முறுக்கினார். கடைசியில் இறங்கி வந்து, சட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஆகாது சார். பூட்டுக்குள்ள என்னத்தையோ பண்ணி வெச்சிருக்கான். சாவி திரும்பவே இல்லை."

"வேற வழியில கிளப்ப முடியாதா?"

"ஒயரைப் பிச்சுக் கிளப்பலாம். எஞ்சின் பொசுங்கிப் போச்சுன்னா ஓனருக்கு நீங்க பதில் சொல்றீங்களா? சொல்றேன்னா சொல்லுங்க, இப்பவே பிச்சிடுறேன்."

சூப்பர்வைசர் குட்டையின் பக்கம் திரும்பிக்கொண்டான். குவாரி பாதையில் நின்ற கம்பவுண்டரைக் கண்டுகொண்டார். குரலை உயர்த்தினார். "அதோ நிக்கிறான் பாருங்க. அவனைப் புடிச்சுக் குட்டையில இறக்கிவிடுங்க. அவனே முங்கித் தேடி எடுக்கட்டும்!"

கம்பவுண்டர் மகளை இழுத்துக்கொண்டு நடந்தார். இப்போது உண்மையிலேயே ஓடினார்.

வழியில் அக்கா கூட்டத்தோடு எதிரே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் யாரும் வீட்டுக்குத் திரும்பவில்லை. விடியும்வரை வண்டியைச் சுற்றியே உட்கார்ந்திருந்தார்கள். கம்பவுண்டர் மட்டும் வீட்டில், கதவுக்கு முட்டுக்கொடுத்து நாற்காலி போட்டு, அதில் உட்கார்ந்திருந்தார்.

காலையில் அதிகாரி வந்தார். அமைதியான மனிதர், கண்ணாடி போட்டவர், புது ரப்பர் பூட்ஸ். கம்பெனி வக்கீல் இது வெறும் பள்ளம், மழை பெய்ததால் ஈரம் என்று சொல்லிக்கொண்டே கூட நடந்தார். மழை பெய்து பல நாள் ஆகியிருந்தது. அதிகாரி ஓடையில் ஒரு கால் வைத்தார். தண்ணீர் பூட்ஸின் விளிம்பைத் தாண்டி உள்ளே போனது. அவர் காலைத் தூக்கி, பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தார். பாதி போட்டிருந்த புது மண்ணையும் அதிகாரி பார்த்தார். இரண்டு வாரத்தில் தடை வந்துவிட்டது.

தடை வந்ததே ஒழிய வழக்கு முடியவில்லை. கம்பெனி மேல் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. போர்டு அங்கேயேதான் நிற்கிறது. நீலத் தண்ணீர் மட்டும் வெயிலில் வெளுத்துவிட்டது.

கம்பவுண்டருக்கு அந்த வேலை போய்விட்டது. ஓனர் வண்டியை எடுத்துப் போக வேறோர் ஆளை அனுப்பினார். கம்பவுண்டர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் பையிலிருந்து சாதாரணமாக ஒரு சாவியை எடுத்துப் போட்டான். ஒரே திருகலில் எஞ்சின் பிடித்தது, வழக்கமான இடத்தில் ஒருமுறை விக்கி. அப்படியானால் பூட்டில் கோளாறு இல்லை. அன்று சாயங்காலம் மட்டும் அது ஏன் திரும்பவில்லை? மண் அடைத்துக்கொண்டு பிறகு காய்ந்து உதிர்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நம்பிக்கை வரவில்லை. கெட்டது நடந்தால் அவருக்குக் காரணம் புரியும். நல்லது நடந்தால் அதற்கும் பயம்தான்.

மகளின் படிப்பு முடியும்வரை ஒரு நாள் விடாமல் பஸ்ஸுக்குப் போய் நின்றார். வெயிலோ மழையோ, தகரக் கூரைக்குக் கீழே. மகள் முதலில் சண்டை போட்டாள், பிறகு விட்டுவிட்டாள், பிறகு பையை அவரிடம் கொடுத்து நடக்கப் பழகிக்கொண்டாள். எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்கப் போவதில்லை என்பது அவருக்கு விளங்கத்தான் வெகுகாலம் ஆயிற்று. இப்போது சாலை போடுகிற இடத்தில் ரோலர் ஓட்டுகிறார். "அது மேலதான் உருளும், கீழ எதையும் தோண்டாது" என்கிறார். அதிலும் கிளம்புமுன் இறங்கிப் போய் முன்னால் குனிந்து பார்ப்பதாக மனைவி சொல்கிறாள்.

குவாரி அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. கல்குவாரியை மூடியதும் எங்கோ தூரத்தில் அணைக்கட்டு வேலைக்குப் போய்விட்டார். கம்பவுண்டரின் வாழ்க்கையை எழுதலாம் என்று நான் ஒவ்வொருவரிடமாக விசாரித்தபோது குவாரியின் வீட்டுக்கும் போக நேர்ந்தது. அவர் மனைவி மட்டும் இருந்தாள். கம்பவுண்டர் பெயரை எடுத்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்த ஆள் சாவியை எறிஞ்சாரு, நஷ்டம் எங்களுக்கு. அன்னைக்கு இவர் சாப்பிட வந்தாரு. வண்டிச் சாவி மூணும் இதோ, இந்த ஆணியில தொங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அதைத் தொடல. எங்க பீரோ சாவியை எடுத்துப் பையில போட்டுக்கிட்டுப் போயிருக்காரு மனுஷன். திரும்பி வரும்போது அது கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு. ஏன்யா இப்படின்னு கேட்டா, சாவி மாறிப்போச்சுங்கிறாரு. என் துணிமணி எல்லாம் உள்ள. ஆளை வெச்சுப் பூட்டை உடைச்சுல்ல எடுத்தோம்?"

உள்ளே கூட்டிப்போய் பீரோவைக் காட்டினாள். கதவில் கைப்பிடிக்குக் கீழே தகரம் நெளிந்து, பூட்டு இருந்த இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது. கதவு திறந்துகொள்ளாமல் இருக்க அதில் ஒரு துணியை முடிந்து வைத்திருந்தாள்.